கம்பி எட்டாத வீட்டுக்கு 100 வாட் சோலார் கிட்: எது தேறும், எது தேறாது

மின்கம்பி போய்ச் சேராத வீடுகளுக்கென்று விற்கப்படும் 12 வோல்ட் சோலார் ஹோம் கிட், எந்தக் கம்பெனி பெட்டியைப் பிரித்தாலும் இப்போது ஏறக்குறைய ஒரே உருவத்தில்தான் இருக்கிறது. 100 வாட் பேனல் ஒன்று, பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் 10 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர், 12.8 வோல்ட் 30 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, நாலு எல்இடி விளக்கு, ஒரு டிசி மின்விசிறி, செல்போனுக்கு இரண்டு யுஎஸ்பி துளை, கொஞ்சம் வயர். விலை குறைந்த கிட்டில் லித்தியம் இருக்கும் இடத்தில் மூடிய ஈய-அமில பேட்டரி இருக்கும். இன்னும் சிலவற்றில் கூடவே ஒரு சின்ன இன்வெர்ட்டரும் வரும். தனி ஒரு பிராண்டைப் பற்றியதல்ல இந்த விமர்சனம். இந்த அமைப்பில் எந்தப் பாகம் உழைக்கிறது, எது ஏமாற்றுகிறது, வாங்குவதற்கு முன்னும் பின்னும் எதைச் சோதிக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடு, பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி மாற்றும்படி வரும் கிட் ஒரு குடும்பத்துக்கு நல்ல முதலீடு. மூடிய ஈய-அமில பேட்டரி கிட்டை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். இன்வெர்ட்டர் சேர்ந்த கிட்டில், அந்த இன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும்.

முதலில் கணக்கு. இந்தக் கிட் எவ்வளவு தரும்? ஒரு நாளில் கிடைக்கும் வெயிலை உச்சி வெயில் மணிகளாக, அதாவது எத்தனை மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம். நல்ல வெயில் அடிக்கும் இடத்தில் ஆண்டுச் சராசரி நாலரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். 100 வாட்டை நாலரையால் பெருக்கினால் 450 வாட்-மணி. இதில் சூடு, தூசி, வயர், கன்ட்ரோலர், பேட்டரி என்று வழியில் கழிவது போக மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். அதாவது நாளொன்றுக்கு 300 வாட்-மணி. அடர்ந்த மேகம் கவிந்த நாளில் இதில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது.

எவ்வளவு தேவைப்படும்? 5 வாட் விளக்கு மூன்று, மாலையில் ஐந்து மணி நேரம்: 75. இரவு முழுக்க எரியும் 1 வாட் விளக்கு: 10. 15 வாட் மின்விசிறி ஆறு மணி நேரம்: 90. இரண்டு செல்போன், இழப்பையும் சேர்த்து: 50. ரேடியோ: 12. கூட்டினால் 237 வாட்-மணி. ஆக, வெயில் அடிக்கும் நாளில் கிட் தாங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். மழைக்காலத்தில் இரண்டாம் நாளே மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் விற்கிறவர்களால்தான் சோலார் மேலேயே நம்பிக்கை போகிறது. வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கிறது என்பதை அளக்கும் உலக வங்கியின் பல அடுக்கு அளவுகோலில் இரண்டாம் அடுக்கு என்பது 50 வாட் திறன், நாளுக்கு 200 வாட்-மணி. இந்தக் கிட் அங்கே உட்காரும். மூன்றாம் அடுக்குக்கு நாளுக்கு 1 யூனிட், அதாவது 1,000 வாட்-மணி வேண்டும். அதற்கு இந்த அமைப்பை மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும்.

பேனல்: முதலில் அளவு நாடாவை எடுங்கள்

பேனலில் நடக்கும் ஏமாற்று எளிமையானது. பின்பக்க ஸ்டிக்கரில் 100 வாட் என்று அச்சடித்திருக்கும், உள்ளே இருப்பது 60 வாட்டாக இருக்கும். கண்டுபிடிக்க மின்சாரமே தேவையில்லை. நல்ல மோனோ பேனல் ஒன்று தன் மீது விழும் வெயிலில் சுமார் 20 சதவீதத்தைத்தான் மின்சாரமாக மாற்றும். அப்படிப் பார்த்தால் 100 வாட்டுக்கு அரை சதுர மீட்டர் பரப்பாவது வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். 0.3 சதுர மீட்டர்தான் வருகிறது என்றால் ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அது 60 வாட்டைத் தாண்டாது. கண்ணாடி போட்ட 100 வாட் பேனல் எடையிலும் 6 கிலோவுக்குக் கீழே வருவது அபூர்வம்.

வாங்கும் இடத்தில் வெயில் இருந்தால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 36 செல் கொண்ட 100 வாட் பேனலின் இரு முனைகளுக்கு இடையே எதுவும் இணைக்காதபோது 21 முதல் 22 வோல்ட் காட்ட வேண்டும். பிறகு மீட்டரை 10 ஆம்பியர் டிசி அளவுக்கு மாற்றி, சிவப்பு முள்ளை அதற்குரிய துளையில் மாற்றிக் குத்தி, பேனலின் இரு முனைகளையும் சில நொடிகள் மட்டும் நேரடியாக அளக்கவும். உச்சி வெயிலை நேராகப் பார்த்து நிற்கும் பேனல் 5 ஆம்பியருக்கு மேல் காட்ட வேண்டும். 3 ஆம்பியர் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வோல்டேஜை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். 20 வாட் பேனலும் இதே வோல்டேஜைக் காட்டும்.

பொருத்தும்போது மூன்று விஷயம். கூரையோடு ஒட்டிப் பொருத்தக் கூடாது, அடியில் காற்றோட 10 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். சமதளமாகப் படுக்க வைக்கக் கூடாது, 10 டிகிரியாவது சாய்வு இருந்தால்தான் மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகும். நிழல் விழவே கூடாது. இதில் மூன்றாவதுதான் பலருக்கும் புரிவதில்லை. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு செல்லின் மேல் ஓர் அகலமான இலை விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் அடைபடும். பேனலின் பத்தில் ஒரு பகுதி நிழல், பாதி மின்சாரத்தை விழுங்கிவிடும். காலையில் ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். கழுவுவதானால் விடிகாலையில் கழுவுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம்.

பேட்டரி: காசு போவதும் மிச்சமாவதும் இங்கேதான்

ஒரு பேட்டரியின் விலை என்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் அல்ல. அது தன் ஆயுளில் மொத்தம் எத்தனை யூனிட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் என்பதால் அந்த எண்ணை வகுத்தால் வருவதுதான் விலை. கணக்கு இப்படி: வோல்ட் × ஏஎச் × ஒவ்வொரு முறையும் எவ்வளவு பங்கு எடுக்கலாம் × எத்தனை முறை.

12.8 வோல்ட் 30 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 384 வாட்-மணி இருக்கிறது. 80 சதவீதம் எடுக்கலாம். குறைத்துப் போட்டாலும் 2,500 முறை தாங்கும். ஆயுள் முழுதும் சேர்த்து 768 யூனிட். மூடிய 12 வோல்ட் 40 ஏஎச் ஈய-அமில பேட்டரியில் 480 வாட்-மணி, ஆனால் பாதியைத்தான் எடுக்கலாம், அதுவும் 400 முறை. மொத்தம் 96 யூனிட். எட்டில் ஒரு பங்கு. அதை நாலில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தாலும் யூனிட்டுக்கு இரண்டு மடங்கு கொடுக்கிறீர்கள். அது செத்த பிறகு அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வர ஆகும் வண்டிச் செலவு தனி.

ஈய-அமிலத்தில் உயரமான டியூபுலர் வகை வேறு கதை. 75 ஏஎச் டியூபுலர் பாதி ஆழத்தில் 1,200 முறை போல உழைக்கும், மொத்தம் 540 யூனிட். ஆனால் எடை 25 கிலோவுக்கு மேல். ஒற்றையடிப் பாதையில் சுமந்து ஏற வேண்டிய இடத்துக்கு அதைத் தவிர்க்க அந்த எடையே ஒரு காரணம். 30 ஏஎச் லித்தியம் நாலு கிலோவுக்குள் அடங்கும்.

ஈய-அமிலம் தொலைதூர வீடுகளில் சீக்கிரம் சாவதற்கு உண்மையான காரணம் மழைக்காலம். ஈயத் தகட்டில் ஒவ்வொரு முறை மின்சாரம் எடுக்கும்போதும் ஈய சல்பேட் படிகிறது, முழுதாகச் சார்ஜ் ஏறினால்தான் அது கரையும். கடைசி 20 சதவீதம் ஏறப் பல மணி நேரம் ஆகும். தொடர்ந்து பத்து நாள் வெயில் குறைந்தால் பேட்டரி அரைகுறையாகவே நிற்கும், சல்பேட் இறுகிப் படிகமாகும், அதன் பிறகு என்ன செய்தாலும் கரையாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு அரைகுறைச் சார்ஜ் ஒரு குறையே இல்லை. வெயில் நம்பகமில்லாத இடத்தில் இந்த ஒரு குணத்துக்காகவே அதை வாங்கலாம். கார் பேட்டரி பற்றி ஒரே வரி: இன்ஜினை இழுத்துவிட நொடிப்பொழுது பெரிய மின்னோட்டம் தரவே அதன் தகடுகள் மெல்லியதாக இருக்கின்றன, தினமும் ஆழமாகக் காலி செய்தால் சில மாதங்களில் முடிந்துவிடும்.

லித்தியத்தில் போலி அதிகம். 30 ஏஎச் என்று எழுதியதை 18 ஏஎச் செல்களால் நிரப்பி விற்கிறார்கள். முதல் சோதனை தராசு: 3 கிலோவுக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது சோதனை கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, இந்தப் பல்பை நேரடியாக இணைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்பு சுமார் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். 30 ஏஎச் உண்மையானால் 16, 17 மணி நேரம் எரிந்துவிட்டுச் சட்டென்று அணையும். 10 மணி நேரத்தில் அணைந்தால் உள்ளே இருப்பது 18 ஏஎச்தான். பல்பு நன்றாகச் சூடாகும், துணியோ பிளாஸ்டிக்கோ படாத இடத்தில் வையுங்கள்.

இந்தப் பேட்டரியில் ஒரு கோளாறு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, அது தெரியாததால் நல்ல பேட்டரிகள் குப்பைக்குப் போகின்றன. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, அதாவது பிஎம்எஸ், பேட்டரி மிகவும் இறங்கியதும் வெளி முனைகளைத் துண்டித்துவிடும். அப்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் வோல்ட் காட்டும். பேட்டரியிலிருந்து உயிர் பெற்று இயங்குகிற கன்ட்ரோலர், பேட்டரியே இல்லை என்று முடிவு செய்து சார்ஜ் கொடுக்க மறுக்கும். சார்ஜ் வந்தால்தான் பிஎம்எஸ் விழிக்கும், பிஎம்எஸ் விழித்தால்தான் சார்ஜ் வரும். முடிச்சை அவிழ்க்க, கன்ட்ரோலரிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, வேறொரு நல்ல 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவை இதன் நெகட்டிவோடு சேருங்கள், பாசிட்டிவை அதே 21 வாட் பல்பு வழியாக இதன் பாசிட்டிவோடு சேருங்கள். பல்பு மின்னோட்டத்தை இரண்டு ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும். சில நிமிடங்களில் முனைகளில் வோல்டேஜ் தென்பட்டதும் பழையபடி கன்ட்ரோலரில் இணைத்து வெயிலில் விடலாம். பெரும்பாலான பேட்டரிகள் இப்படிப் பிழைத்துக்கொள்ளும். லித்தியத்தைத் தட்டி எழுப்பும் வசதி உள்ள கன்ட்ரோலரை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. உறைநிலைக்குக் கீழே போகிற மலைப்பகுதிகளில் வேறொரு கவனம் வேண்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த வகையைச் சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும், பேட்டரியை வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

பேட்டரி அளவைக் காட்ட முன்னால் எரியும் மூன்று சின்ன விளக்குகளை நம்ப வேண்டாம். இவ்வகை பேட்டரியின் வோல்டேஜ், 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரைக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். மூன்று விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போதே பாதிக்கு மேல் காலியாகியிருக்கலாம்.

கன்ட்ரோலர்: எம்பிபிடி என்று எழுதினால் எம்பிபிடி ஆகிவிடாது

கன்ட்ரோலரில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்று இரண்டு வகை. பிடபிள்யூஎம் வகை கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துக் கீழே இறக்கிவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் பேனல், 13.3 வோல்ட்டில் அதே 5.5 ஆம்பியரைத் தரும். 100 வாட், 73 வாட் ஆகிறது. எம்பிபிடி அந்த மிச்ச வோல்டேஜை மின்னோட்டமாக மாற்றிக் கொடுக்கும். 36 செல் பேனலோடு வரும் கிட்டில் பிடபிள்யூஎம் இருந்தால் பரவாயில்லை, சூடான பேனலில் வித்தியாசம் இன்னும் குறையும். ஆனால் வீட்டுக் கூரைகளுக்கு வரும் 60 செல் பெரிய பேனலைப் பிடபிள்யூஎம்மோடு இணைத்தால் பாதிக்கு மேல் வீண். 30 வோல்ட்டில் 250 வாட் தரும் பேனல் அங்கே 110 வாட் போலத்தான் தரும். பழைய பெரிய பேனல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

உறையில் எம்பிபிடி என்று எழுதிய பிடபிள்யூஎம்கள் நிறைய உலவுகின்றன. கண்டுபிடிக்க நேரடியான வழி: நல்ல வெயிலில், பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, பேனலிலிருந்து வரும் ஆம்பியரையும் பேட்டரிக்குப் போகும் ஆம்பியரையும் அளக்கவும். இரண்டும் சமமாக இருந்தால் அது பிடபிள்யூஎம். பேட்டரிப் பக்கம் தெளிவாகக் கூடுதலாக இருந்தால்தான் எம்பிபிடி.

எந்த வகையானாலும் அமைப்பில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற தேர்வு இருக்க வேண்டும். சார்ஜ் 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்குள் முடிய வேண்டும். ஈய-அமிலத்துக்கான சமன்படுத்தும் சார்ஜ் 15 வோல்ட்டைத் தாண்டும், அது அணைக்கப்பட்டிருக்க வேண்டும். லோடை, அதாவது விளக்கு, விசிறி போன்றவற்றைத் துண்டிக்கும் அளவை 12 வோல்ட்டில் வையுங்கள். தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் 10.7 வோல்ட்டில் விட்டால் மேலே சொன்ன பூஜ்யம் வோல்ட் சிக்கல் சீக்கிரமே வரும்.

இணைக்கும் வரிசை மாறினால் புதுக் கன்ட்ரோலரும் போய்விடும். முதலில் பேட்டரி, அடுத்து பேனல், கடைசியாக லோடு. கழற்றும்போது இதற்கு நேர்மாறு. பேட்டரி இல்லாமல் பேனலை முதலில் கொடுத்தால், 22 வோல்ட் நேராக உள்ளே போய்ச் சில கன்ட்ரோலர்கள் தம்மை 24 வோல்ட் அமைப்பு என்று எண்ணிக்கொள்ளும், சிலவற்றில் விளக்குகளும் சேர்ந்து கருகும்.

வயர்: கிட்டின் மிக மோசமான பாகம்

ஏறக்குறைய எல்லாக் கிட்டிலும் மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். பேனலுக்கென்று கொடுக்கும் 10 மீட்டர் வயர் பெரும்பாலும் 1 சதுர மில்லிமீட்டர். செம்பாகவே இருந்தாலும் போக வர 20 மீட்டருக்கு 0.36 ஓம். 5.5 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே போகும். பேனல் 65 டிகிரிக்குச் சூடேறிய மதியத்தில் அதன் 18 வோல்ட் ஏற்கெனவே 15.3க்கு இறங்கியிருக்கும். அதில் 2 போனால் 13.3. பேட்டரி நிரம்ப 14.2 வேண்டும். வெயில் கொளுத்தும், மீட்டரில் ஆம்பியர் குறைந்துகொண்டே வரும், பேட்டரி நிரம்பாது. பேனல் மட்டம் என்று பழி போடுவார்கள். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். கிட் வாங்கும்போதே இந்த ஒரு வயரைத் தனியாக வாங்கிவிடுங்கள், வேறெந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது.

வயர் செம்புதானா என்று பார்க்க, ஒரு இழையைப் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். சுரண்டிய இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம். தடை ஒன்றரை மடங்கு. முறுக்கிய இடத்தில் சீக்கிரம் ஒடியும், ஈரக்காற்றில் வெளுத்துப் பொடியாகும்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், 15 ஆம்பியர் போதும், கார்களில் போடும் பிளேடு ஃபியூஸ் நன்றாகவே வேலை செய்யும். கன்ட்ரோலருக்குள் ஃபியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே எலி கடித்து வயர் ஒட்டும் நாளில் அதனால் பயனில்லை. பிஎம்எஸ் துண்டிக்கத் தவறினால் லித்தியம் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி வயரைச் சிவக்க வைக்கும். வெளியே ஓடும் வயரைக் குழாய்க்குள் செலுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும், பேனல் பக்கம், பேனல் வயருக்கென்றே வரும் எம்சி4 கனெக்டரே போடுங்கள்.

விளக்கு, விசிறி, இன்வெர்ட்டர்

விளக்குகளைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. 5 வாட் எல்இடி 450 முதல் 500 லூமென் தருகிறது. திரி வைத்த சாதாரண மண்ணெண்ணெய் விளக்கு தருவது பத்து லூமென் போலத்தான், அதோடு புகையும் தீ அபாயமும். 12 வோல்ட் என்று எழுதிய விளக்கு 14.6 வோல்ட் வரை தாங்குமா என்று மட்டும் பாருங்கள். டிரைவர், அதாவது மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று இல்லாமல் வெறும் ரெசிஸ்டரோடு வரும் மலிவு விளக்குகள் பகலில் சார்ஜ் ஏறும்போது எரியவிட்டால் சூடாகிக் கருகும்.

மின்விசிறி கட்டாயம் பிரஷ் இல்லாத பிஎல்டிசி மோட்டாராக இருக்கட்டும். பழைய வகை சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், அதை இந்தக் கிட்டோடு நினைத்தே பார்க்கக் கூடாது.

இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே 10 வாட் போல உறிஞ்சும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. ஒரு வீட்டின் முழு நாள் தேவை எவ்வளவு என்று மேலே பார்த்தோமோ, அவ்வளவும் எதையும் எரிக்காமலே போய்விடுகிறது. எல்லாவற்றையும் 12 வோல்ட் டிசியிலேயே ஓட்டுவதுதான் இந்தக் கிட்டின் பலம். ஃபிரிட்ஜும் இதற்கு மேல் பாரம்: வெப்பமான இடத்தில் 100 லிட்டர் டிசி ஃபிரிட்ஜுக்கு நாளுக்கு 300 வாட்-மணி தேவைப்படும், அதற்குத் தனியாக 200 வாட் பேனலும் தனி பேட்டரியும் வேண்டும். தடுப்பூசி வைக்கும் சுகாதார நிலையங்களுக்கு வந்துள்ள நேரடி சோலார் ஃபிரிட்ஜுகள் பேட்டரியையே விட்டுவிட்டன. பகல் மின்சாரத்தில் பனிக்கட்டியை உறைய வைத்து, இரவில் அந்தக் குளிரைப் பயன்படுத்துகின்றன. தண்ணீர் பம்புக்கும் அதே வழிதான் மலிவு: பகலில் தொட்டியை நிரப்புங்கள், பேட்டரி வேண்டாம்.

முழுதும் மூடிய பெட்டியும் தவணைத் திட்டமும்

பேட்டரி, கன்ட்ரோலர், சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, தனக்கென்று ஒரு வடிவப் பிளக்கோடு வரும் கிட்கள் வயரிங் தெரியாதவர்களுக்கு வசதிதான். மாற்றி இணைக்க வழியில்லை. வெராசோல் தரச் சோதனையில் தேறியவை இந்த வகையில்தான் அதிகம் கிடைக்கின்றன, அந்தச் சான்று இருந்தால் பேட்டரி அளவைப் பற்றிய பயம் பெரும்பாலும் தீரும். ஆனால் பிளக் அந்தக் கம்பெனிக்காரர்களுடையது. விளக்கு போனால் அவர்களிடமே வாங்க வேண்டும். அவர்கள் கடையை மூடினால் பெட்டி முழுவதும் வீண். தவணையில் கொடுப்பவர்கள் பணம் கட்டாவிட்டால் பூட்டிக்கொள்ளும் சிப் வைத்திருப்பார்கள். கென்யாவில் எம்-கோபா போன்ற நிறுவனங்கள் செல்போன் வழிப் பணத்தோடு இணைத்துப் பெரிய அளவில் பரப்பிய முறை இது. மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத குடும்பத்துக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள்: எல்லாத் தவணையும் சேர்த்து எவ்வளவு, முடிந்ததும் பூட்டு நிரந்தரமாகத் திறக்குமா, பழுதாகிக் கிடக்கும் நாட்களுக்கும் தவணை ஓடுமா. வங்கதேசத்தில் அரசு நிதி நிறுவனமான இட்கோல் 2003இல் தொடங்கிய திட்டம் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சோலார் வைத்தது தவணைக் கடனாலும், பக்கத்திலேயே பழுது பார்க்க ஆள் இருந்ததாலும்தான்.

இந்தக் கிட்டை வாங்க வேண்டாம் என்று எப்போது சொல்வோம்

ஆண்டு முழுதும் ஓடும் ஓடை அரை கிலோமீட்டருக்குள் இருந்தால், முதலில் அதை அளந்து பாருங்கள். கோடையில், நீர் மிகக் குறைந்திருக்கும் வாரத்தில், ஓடையைத் தற்காலிகமாக ஒரு குழாய்க்குள் திருப்பி 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். இரண்டு நொடி என்றால் நொடிக்கு 10 லிட்டர். நீர் எடுக்கும் இடத்துக்கும் டர்பைன் வைக்கும் இடத்துக்கும் உள்ள உயரத்தை, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபால் படிப்படியாக அளக்கலாம். லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி ஐந்தால் பெருக்கினால் கிடைக்கும் வாட் வரும். 10 லிட்டர், 20 மீட்டர் என்றால் 1,000 வாட். அது இரவும் பகலும், மழையிலும் ஓடும்: நாளுக்கு 24 யூனிட். மேலே விமர்சித்த சோலார் கிட் எண்பது சேர்ந்தால்தான் அவ்வளவு தரும். உயரம் அதிகமாக, நீர் குறைவாக இருந்தால் பெல்டன் சக்கரம், நடுத்தரத்துக்குக் கிராஸ்ஃபுளோ டர்பைன். சாதாரணச் சென்டிரிஃபியூகல் பம்பையே திருப்பி ஓட்டியும் டர்பைனாக்கலாம், உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்த, மிச்ச மின்சாரத்தை ஹீட்டரில் தள்ளும் எலக்ட்ரானிக் லோடு கன்ட்ரோலர் வேண்டும். கெடுவது பெரும்பாலும் எந்திரம் அல்ல: நீர் எடுக்கும் வாயில் சருகு அடைப்பதும், மணல் போய் சக்கரத்தைத் தேய்ப்பதும், வெள்ளம் குழாயை இழுத்துப் போவதும்தான். சருகு வலையும் மணல் படியும் தொட்டியும் இல்லாமல் தொடங்காதீர்கள். தினமும் வலையைச் சுத்தம் செய்ய ஒருவர் பொறுப்பேற்காத ஊரில் இது நிலைக்காது.

வீடுகள் நெருக்கமாக இருந்து, மாவரைக்கும் எந்திரமோ வெல்டிங்கோ ஓட வேண்டுமென்றால், தனித்தனிக் கிட்டை விட ஊருக்குப் பொதுவான மினிகிரிட் கட்டுப்படியாகும். பகல் நேரத்தில் மின்சாரம் வாங்கும் தொழில் ஒன்றாவது இல்லாவிட்டால் அதன் பேட்டரிச் செலவு எல்லோர் தலையிலும் விழும். சிதறிக் கிடக்கும் சில வீடுகளுக்கு நீண்ட தூரம் லைன் இழுக்க, 1925 வாக்கில் நியூசிலாந்தில் லாயிட் மாண்டெனோ உருவாக்கிய ஒற்றைக் கம்பி முறை இருக்கிறது. திரும்பும் மின்னோட்டத்தை மண்ணே சுமப்பதால் கம்பியும் கம்பமும் குறையும். ஆனால் அது மின்வாரியம் செய்ய வேண்டிய வேலை, கடையில் வாங்குவதல்ல. சிறு ஜெனரேட்டரை விளக்குக்காக ஓட்டுவது எல்லாவற்றிலும் செலவு மிகுந்தது. 50 வாட் லோடுக்கு 1,000 வாட் எந்திரத்தை ஓட்டினாலும் எண்ணெய் ஏறக்குறைய சும்மா ஓடும்போது குடிக்கும் அளவுக்குக் குடிக்கும், டீசல் எந்திரமானால் லோடு இல்லாமல் ஓடி ஓடிக் கரியும் பிடிக்கும்.

இவை எதுவும் பொருந்தாத, தனியாக நிற்கும் வீட்டுக்கு இந்த 100 வாட் கிட்தான் சரி. வாங்கும் அன்றே கூடவே வாங்கிப் பெட்டியில் போட வேண்டியவை: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போக வர வேண்டிய அளவுக்கு, 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஐந்து, ஃபியூஸ் பிடிப்பான் ஒன்று, எம்சி4 ஜோடி இரண்டு, கூடுதலாக இரண்டு விளக்கு, ஒரு 21 வாட் கார் பல்பு, டிசி 10 ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர். கன்ட்ரோலர் ஒன்றும் கூடுதலாக வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், இடி மின்னலில் முதலில் போவது அதுதான். இடி இடிக்கும்போது பேனல் வயரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி வைப்பதும், பேனல் சட்டத்துக்கு எர்த் கொடுப்பதும் அதைப் பெருமளவு காப்பாற்றும்.